நாலாவது சீட்

மூன்று பேர் உட்காரத்தான் அந்த பெஞ்சு.
நாலாவதாக ஒருத்தி வருவாள்.
"ஜரா சர்கா" என்பாள்.
மூவரும் ஒரு பெருமூச்சு அளவுக்கு நகர்வோம்.
பாதி இடுப்பு பெஞ்சில், மீதி காற்றில்,
ஒரு காலை நடைவழியில் ஊன்றி
தாதர் வரைக்கும் வந்துவிடுவாள்.

திவாவின் வரலாற்றை எழுதச் சொன்னால்
நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

அப்பா வந்த காலத்தில்
ராத்திரி வண்டியில் ஆளே இருக்காதாம்.
வி.டி.யில் ஏறிப் படுத்தால்
மும்ப்ரா தாண்டி உப்புக்காற்று வந்துதான் எழுப்புமாம்.
குர்லாவில் லேத் ஓட்டியவர், இசக்கியப்பன்.
அங்கே ஒரு கட்டிலுக்குக் கொடுத்த வாடகைக்கு
இங்கே ஓர் அறையே கிடைத்தது.
மழைக்கு முன்னால் சேறு,
மழைக்குப் பின்னாலும் சேறு.
கேட்டைத் தாண்டினால் நெல்வயல்,
அதற்கும் அப்பால் அலையாத்தி, கழிமுகம், கொசு.

வீட்டுக்காரர் புண்டலிக் போயிர்
முதல் நாளே வந்தார், கையில் நண்டுக்கூடை.
"எத்தனை பேர்?"
"ரெண்டு பேர்."
"பிறகு?"
பிறகைப் பற்றி அப்பா அதுவரை யோசித்திருக்கவில்லை.

பிறகு நான்.
பிறகு சித்தப்பா, சித்தப்பாவின் மச்சினன்,
மச்சினனுக்குத் தெரிந்தவர் என்று
செருப்பை வெளியே விடாமல் வந்த ஒருவர்.
ஒன்பது பெட்டி வண்டி பன்னிரண்டானது.
வயலில் கல் நட்டார்கள்.
கல் இருந்த இடத்தில் கம்பி முளைத்தது.
கம்பி ஏழு மாடியாகி நின்றபோது
ஏழுக்கும் சேர்த்து ஒரே குழாய்,
அதில் அதிகாலை மூன்று மணிக்கு
இருபது நிமிடம் காற்று,
கடைசியில் கொஞ்சம் தண்ணீர்.

முன்பெல்லாம் ரயிலுக்காக கேட் காத்திருந்தது.
பிறகு கேட்டை மூட முடியாமல்
ரயில் காத்திருந்தது.
கேட்டில் மாட்டிக்கொண்ட ஆட்டோவில்தான்
என் தம்பி பிறந்தான்.
பிறந்த இடம் என்ற கட்டத்தில் பேனாவை நிறுத்தி
கிளார்க் கேட்டார்: "திவா கிழக்கா, மேற்கா?"
அம்மா சொன்னாள்: "நடுவில்."

போன ஞாயிறு சொசைட்டிக் கூட்டம்.
பின்பக்க மனையில் இருபத்திரண்டு மாடி வருகிறதாம்.
அப்பா எழுந்தார்.
லேத் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.
"இதுக்கு மேல இங்க இடமில்லை.
தண்ணி இல்லை. வண்டியில கால் வைக்க முடியலை.
வர்றவங்களை யாராவது நிறுத்துங்க."
எல்லோரும் கை தட்டினார்கள்:
ரத்னகிரிக்காரர், ஆசம்கர்க்காரர், ஜல்காவ் டீச்சர்,
பெட்டிகளை இன்னும் பிரிக்காத
மூன்றாம் மாடிப் புதுத்தம்பதியும்.

புண்டலிக்கின் மகன் மட்டும் தட்டவில்லை.
அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.
கோபமே இல்லாமல் சொன்னான்:
"காகா, நீங்க வந்த அன்னிக்கு
எங்கப்பாவும் வீட்டில் இதையேதான் சொன்னார்.
சொல்லிட்டுத்தான் நண்டு எடுத்துட்டு வந்தார்."

அப்பா உட்கார்ந்தார்.
அடுத்த விஷயம் லிஃப்ட் பராமரிப்பு.

திங்கள்கிழமை.
நாலு ஸ்டேஷன் பின்னோக்கிப் போய்
கல்யாணில் இடம் பிடித்து,
உட்கார்ந்தபடியே என் ஊருக்குள் நுழைந்தேன்.
இதை நாங்கள் எல்லோரும் செய்கிறோம்,
இதற்கு வெட்கப்படுவதில்லை.
திவாவில் கூட்டத்தோடு கூட்டமாய் உள்ளே விழுந்தாள் ஒரு பெண்,
புது பேட்ஜ், புதுச் செருப்பு.
எங்கள் பெஞ்சில் மூன்று பேர்.
அவளுக்கு இன்னும் கேட்கத் தெரியவில்லை.
தாணே வரை நான் தூங்குகிறவளாக இருந்தேன்.

அப்புறம் நகர்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் முறைத்தாள்.
அரை இடுப்போடு அமர்ந்து,
வேர்வை துடைத்து,
சிரித்து,
அந்தப் பெண் முதலில் கேட்டது:
"தீதி, உங்க பக்கம் ரூம் ஏதாவது காலியிருக்கா?
எங்க அக்கா குடும்பம் வர்றாங்க."